கடைக்காரர் அளித்த வாக்கு

1941 ஆம் ஆண்டு ஒக்டோபர் 3 ஆந் திகதி அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின்மீது வாக்கெடுப்பு நிகழ்ந்தது. அரசாங்கத்துக்கு எதிராக 36 வாக்குகளும் சார்பாக 33 வாக்குகளும் விழுந்தன. பிரதமர் ஃபடனின் ஆட்சி நாற்பது நாளோடு முடிவுற்றது. அதனைக் கவிழ்த்தவர் இரு சுயேச்சை உறுப்பினர். ஒருவர் கோதுமைக் கமக்காரரான அலெக்சாந்தர் வில்சன். மற்றவர் ஆதர் கோல்ஸ் என்னும் கடைக்காரர்.

கோல்ஸ் 1892 இல் ஜீலோங் நகரிற் பிறந்தவர். தந்தையாரும் கடை நடத்தியவரே. 1914 ஏப்பிரலில், மெல்பேணின் தொழிலாளர் குடியிருப்பான கொலிங்வூட்டில், தமையனார் ஜோர்ஜ் ஒரு சிறு கடையைத் திறந்தார். அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. ஆதர் கல்லிப்போலியிலும் பிரான்சிலும் போர் புரிந்து, காயமுற்றுத் திரும்பிச் சகோதரரோடு வணிகத்திற் புகுந்தார். அக்கடைகளின் இரகசியம் மிக எளியது. இரண்டரைச் சிலினுக்கு மேற்பட்ட விலையில் அங்கே பொருளே கிடையாது. நுழைகின்ற ஏழைப் பெண் விலை கேட்டு நாண வேண்டியதில்லை. 1931 இல் ஆதர் அந்நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளரானார்; 1938 இல் மெல்பேண் மாநகர முதல்வருமானார்.

அவரைப் பாராளுமன்றத்துக்கு அழைத்துச் சென்றது ஒரு விபத்து. 1940 ஓகஸ்டில் கன்பராவுக்கு அருகே விமானமொன்று வீழ்ந்து மூன்று மந்திரிமார் மாண்டனர். அவர்களுள் ஹென்டித் தொகுதியின் உறுப்பினர் சேர் ஹென்றி கலெற்றும் ஒருவர். அடுத்த மாதம் நடந்த பொதுத் தேர்தலில் அவ்வாசனத்தைக் கோல்ஸ் சுயேச்சையாக நின்று வென்றார். இரு பெரும் அணிகளும் தலைக்கு 36 ஆசனம் பெற்றமையால், நாட்டின் துலாக்கோல் வில்சன், கோல்ஸ் இருவர் கையிலும் வந்து சேர்ந்தது.

கோல்ஸ் முதலில் மென்சீஸின் பக்கமே நின்றார். செல்வரும் வணிகரும் நின்ற பக்கமும் அதுவே. ஆனால், 1941 ஓகஸ்டில் மென்சீஸைச் சொந்தச் சகாக்களே பதவி துறக்கச் செய்த விதம் அவருக்கு வெறுப்பூட்டியது. போர்க் காலத்தில் நாட்டுக்கு உறுதியான ஆட்சி வேண்டும். உட்பகை மலிந்த அணியால் அதனைத் தர இயலாது என்று கருதினார். தொழிற்கட்சிக்குத் தோள் கொடுத்த வணிகர் என்ற பெயர் தமக்கு வரும் என்பதை அறியாதவரல்லர். கட்சி மாறிகளை நாம் நிறையக் கண்டிருக்கின்றோம். அவர்களுள் இவரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மந்திரிப் பதவி எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஜோன் கேட்டின் பிரதமரானார். இரண்டே மாதத்தில் ஜப்பான் போரில் இறங்கியது.

புதிய அரசாங்கம் கோல்ஸுக்கு அளித்த வேலையோ விந்தையானது. மக்களை வாங்க வைத்தே வாழ்ந்த மனிதர், அவர்களை வாங்கவிடாது தடுக்கும் பங்கீட்டு ஆணைக்குழுவுக்குத் தலைவரானார். 1942 மேயில் துணிப் பங்கீடு வரப்போகிறதென்ற அறிவிப்பு வெளியானவுடனே சனங்கள் புடைவைக் கடைகளை மொய்த்தனர். கூப்பன் முறை யூனில் நடைமுறைக்கு வந்தது. வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 112 கூப்பன். ஆடவர் முழு உடுப்பு ஒன்றே 38 கூப்பனை விழுங்கிவிடும். யாவாவை ஜப்பானியர் கைப்பற்றியமையால் தேயிலைக்கும் முட்டு வந்தது. ஐந்து கிழமைக்கு அரை இறாத்தல் என்று அளந்தார்கள். கூப்பன் கடை வாசலிற் காத்து நின்ற நம் முதியோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நேயர்களே, நமக்கும் அக்கதையில் ஒரு பங்குண்டு. மத்திய கிழக்கிலிருந்து தாயகம் திரும்பிய அவுஸ்திரேலியப் படையின் இரு பிரிகேட்டுகளை, 1942 மார்ச்சு முதல் யூலை வரை இலங்கையின் காவலுக்கு நிறுத்த இசைந்தது அதே கேட்டின் அரசாங்கமே. கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு வீசிய ஏப்பிரலில் அப்படையினர் இங்கிருந்தனர்.

வாக்காளர் கோல்ஸைத் தண்டிக்கவில்லை. 1943 இலும் அவரையே தெரிந்தனுப்பினர். 1946 இல் அவர் தாமாகவே ஆசனத்தைத் துறந்து, அரசாங்க விமான சேவையை நிறுவும் ஆணைக்குழுவின் தலைவரானார். வெற்றிடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்றவர், விமான விபத்தில் மாண்ட கலெற்றின் மைந்தர்.