ஐபிஎம் 1360 ஒளிப்பட நினைவகம்

ஐபிஎம் 1360 என்பது அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் நிதியில் 1960களில் உருவாக்கப்பட்ட ஒளியியல் கணினி நினைவகம் ஆகும். அணு ஆயுத ஆய்வுக்கான கணக்கீடுகளால் லிவர்மோர் ஆய்வகத்தில் காந்த நாடாக்கள் குவிந்தன. அவற்றுக்கு மாற்றாக 1967இல் இக்கருவி அங்கு நிறுவப்பட்டது.

தகவல்கள் 35 × 70 மில்லிமீட்டர் பிலிம் துண்டுகளில் எலக்ட்ரான் கற்றையால் எழுதப்பட்டன. பிலிமைக் கழுவி உலர்த்தும் இருட்டறை வேலையையும் கருவியே செய்தது. ஒவ்வொன்றிலும் 32 துண்டுகள் கொண்ட சிறு பெட்டிகள் காற்றுக் குழாய்கள் வழியே படிக்கும் பகுதிக்குச் சென்றன. அங்கு ஓர் ஒளிப்புள்ளி பிலிமின் மீது ஓடி 0, 1 குறிகளைப் படித்தது. தூசியாலும் கீறலாலும் நேரும் தவறுகளைப் பிழைதிருத்தக் குறியீடுகள் சரிசெய்தன. மொத்தக் கொள்ளளவு 1 லட்சம் கோடி பிட்டுகள், அதாவது சுமார் 125 ஜிகாபைட். இன்று விரல்நக அளவுள்ள நினைவக அட்டையில் அது அடங்கிவிடும்.

எழுதியதை அழித்து மீண்டும் எழுத முடியாதது இதன் பெருங்குறை. காந்த வட்டுகளும் நாடாக்களும் திறன் கூடி மலிவானதால், இது பொதுச் சந்தையில் இடம்பெறவில்லை. லிவர்மோர் ஆய்வகமும் 1980இல் இதன் பயன்பாட்டை நிறுத்தியது. சந்தை கேட்காத ஒரு கருவியை அரசின் தேவை உருவாக்க முடியும். ஆனால் அந்தத் தேவை மட்டுமே அதை நிலைக்க வைக்காது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.