87 ஓட்டும் ஒரு எக்ஸிட் போலும்: டெல்டா, 2016

இன்னைக்கு நாம போகப்போறது 2016 மே மாசத்துக்கு. 16-ம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல். அன்னைக்குச் சாயங்காலமே டிவில எக்ஸிட் போல் வந்துடுச்சு, அதாவது ஓட்டுப் போட்டுட்டு வர்றவங்ககிட்ட கேட்டு எடுக்கிற கணிப்பு. ஆக்ஸிஸ் மை இந்தியா திமுக கூட்டணிக்கு 124 முதல் 140 இடம்னு சொன்னாங்க. டுடேஸ் சாணக்யா 140. எதிர்த் திசையில நின்னது சி-வோட்டர்: அதிமுக 139.

டெல்டாக்காரங்களுக்கு இது சொந்த வீட்டு விஷயம். திருக்குவளைல பிறந்த கருணாநிதி, பக்கத்துத் திருவாரூர்ல வேட்பாளர். வயசு 91. ஜெயிச்சா ஆறாவது முறை முதல்வர்.

19-ம் தேதி எண்ணினாங்க. கருணாநிதி 68,366 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார், அந்தத் தேர்தல்ல மாநிலத்துலயே பெரிய வித்தியாசம் அதுதான். ஆனா ஆட்சி கிடைக்கல. அதிமுக 134, திமுக கூட்டணி 98.

"கணிப்பெல்லாம் காசு வாங்கிட்டுப் போடுறதுதானே" என்று உடனே சொல்வார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான விளக்கமாத்தான் படுது. ஓட்டு சதவீதத்தைப் பாருங்க. அதிமுக கிட்டத்தட்ட 41, திமுக கூட்டணி கிட்டத்தட்ட 40. ஒரு சதவீத வித்தியாசம்தான் 36 இடமா மாறியிருக்கு.

ஆயிரம் பேரைக் குலுக்கல் மாதிரி, எந்தச் சாய்வும் இல்லாம தேர்ந்தெடுத்துக் கேட்டாலே முன்னபின்ன 3 சதவீதம் பிசகலாம். பத்தாயிரம் பேர்னா சுமார் 1. அப்போ அந்த வருஷம் யார் முந்துறாங்கன்னு நேர்மையா சொல்லியிருந்தா, பதில் "தெரியல" தான். அதை எந்த சேனல் பிரேக்கிங் நியூஸா போடும்?

சரியா சொன்ன சி-வோட்டரையும் பாருங்க. திமுக கூட்டணிக்கு அவங்க கொடுத்தது வெறும் 78. ஜெயிச்ச கட்சி சரி, இடைவெளி தப்பு. அது திறமையா அதிர்ஷ்டமான்னு இவ்வளவு நெருக்கமான தேர்தல்ல பிரிச்சுப் பார்க்கவே முடியாது.

அடுத்த சிக்கல், ஓட்டை இடமா மாத்துறது. பத்தாயிரம் பேரை 234 தொகுதிக்குப் பிரிச்சா தொகுதிக்கு 43 பேர் கூட வராது. காட்டுமன்னார்கோயில்ல திருமாவளவன் தோத்தது 87 ஓட்டுல. நாற்பத்துச் சொச்சம் பேர்கிட்ட கேட்டு அந்த 87-ஐ யார் கண்டுபிடிக்கிறது?

அதனால போன தேர்தல் கணக்கை அடியில வெச்சு, மாநிலம் முழுக்க ஓட்டு எவ்வளவு நகர்ந்ததோ அதையே ஒவ்வொரு தொகுதியிலயும் நகர்த்திப் பார்ப்பது ஒரு வழக்கம். ஆனா 2011-ல தேமுதிகவும் ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சியும் அதிமுகவோட நின்னாங்க. 2016-ல தனி அணி. பழைய ஓட்டுல எது யாருடையது? இடதுசாரிகளோட கோட்டைன்னு பேர் வாங்கின டெல்டாவுல கூட அவங்களுக்கு ஒரு இடமும் கிடைக்கல. தஞ்சாவூர் மாவட்டத்துல மே மாசம் ஓட்டுப் போட்டது ஏழு தொகுதி: திமுக 4, அதிமுக 3. ஒரத்தநாட்டுல அமைச்சர் வைத்திலிங்கமே தோத்தார். பக்கத்துப் பட்டுக்கோட்டைல அதிமுக ஜெயிச்சது.

மாவட்டத்துல எட்டு தொகுதியாச்சே, மிச்சம் ஒண்ணு எங்கேன்னு கேப்பீங்க. அது தஞ்சாவூர். வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகாரில் தேர்தல் ஆணையம் அங்கேயும் அரவக்குறிச்சியிலும் முதலில் தேர்தலைத் தள்ளிவைத்தது, மே கடைசியில் ரத்தே செய்தது. நவம்பர் 19-ல்தான் ஓட்டுப்பதிவு. அதுவரைக்கும், ஆறு மாசம், தஞ்சாவூருக்கு எம்.எல்.ஏ. கிடையாது. கடைசியில் அதிமுகவின் ரங்கசாமி ஜெயித்தார். மாவட்டம் நாலுக்கு நாலு.

எனக்கு அந்த எட்டாவது தொகுதிதான் முக்கியம். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்"னு சொல்றோம். டெல்டாவுல அதை அரசாங்கமே செய்யுது, பேரு பயிர் அறுவடைப் பரிசோதனை. குலுக்கல்ல வர்ற வயல்ல அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் அளந்து, அறுத்து, அடிச்சு, எடை போட்டு, அந்த வட்டாரத்தோட மகசூலைக் கணக்குப் போடுவாங்க. பயிர்க் காப்பீடு அதை வெச்சுத்தான். அதுலயும் விவசாயிகளுக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனா அறுக்க வந்தவன் எந்தக் கட்சின்னு நெல்லு பார்க்காது. ஓட்டுப் போட்டவர் பார்ப்பார். ராத்திரி கவர் வாங்கின வீட்டுல, அடுத்த நாள் டேப்லெட்டோட வந்து நிக்கிற தெரியாத ஆளுக்கு என்ன பதில் வரும்? தெருவே பார்த்துட்டிருக்கும்போது?

சட்டம் இதுக்குள்ள வர்றதில்ல. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2009 திருத்தத்தில் சேர்த்த 126ஏ பிரிவு, எக்ஸிட் போலை எப்போ வெளியிடலாம்னு சொல்லுது: எல்லாக் கட்ட ஓட்டுப்பதிவும் முடிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு. எத்தனை பேர்கிட்ட, எந்த ஊர்ல, எப்படிக் கேட்டீங்கன்னு திரையில போடணும்னு அந்தப் பிரிவுல ஒரு வார்த்தை கிடையாது.