சிவப்பு ஒளி மருந்தான கதை

முகச் சுருக்கம், பருத்தழும்பு, மங்கிய தோல் எல்லாவற்றுக்கும் இப்போது ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். சிவப்பு எல்.இ.டி. விளக்கின் முன்னால் தினமும் பத்து நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கடையில் விற்கும் பேனல் விலை கையைக் கடிப்பதால், கைவேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். ஓர் அலுமினியத் தகடு, நூறு இருநூறு சிவப்பு எல்.இ.டி., ரெசிஸ்டர்கள், 12 வோல்ட் அடாப்டர், கொஞ்சம் சாலிடர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இது வேலை செய்யுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதற்கு நூற்று முப்பது வருடம் பின்னால் போய் டென்மார்க்கில் ஆரம்பிக்க வேண்டும்.

மை பூசிய கை

நீல்ஸ் பின்சென் 1860ல் பரோ தீவுகளில் பிறந்தவர். கோபன்ஹேகனில் மருத்துவம் படித்து 1890ல் டாக்டரானார். ஈரலையும் இதயத்தையும் சேர்த்துப் பாதிக்கும் நோய் ஒன்று இளம் வயதிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. எப்போதும் சோர்வு. வெயிலில் இருந்தால் உடம்புக்கு நன்றாக இருக்கிறதே, அது ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லாமல் அவர் செய்த சோதனை இது. தன் கையில் கறுப்பு மையால் ஒரு பட்டை தீட்டிக்கொண்டு சுமார் 3 மணி நேரம் வெயிலில் காட்டினார். பிறகு மையைக் கழுவினார். மை இருந்த இடம் வெள்ளையாகவே இருக்க, சுற்றியுள்ள தோல் சிவந்து, பிறகு கறுத்தது. அடுத்த முறை மை இல்லாமல் அதே கையை வெயிலில் காட்டினார். இந்தத் தடவை முன்பு மை இருந்த பட்டை மட்டும் சிவந்தது. கறுத்த பகுதி தப்பித்துக்கொண்டது. தோல் கறுப்பது ஒரு பாதுகாப்பு என்பதை மைக்கூட்டை வைத்தே காட்டிவிட்டார்!

இன்னொரு சோதனை இதைவிட அழகு. காது மடலுக்குப் பின்னால் போட்டோ தாளை வைத்து, முன்னாலிருந்து நீல ஒளியைப் பாய்ச்சினார். 5 நிமிடம் ஆகியும் தாள் கறுக்கவில்லை. காதை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்தி ரத்தத்தை வெளியேற்றியதும் 20 வினாடியில் கறுத்துவிட்டது. நீல ஒளியை ரத்தம் விழுங்கிவிடுகிறது என்று தெரிந்தது. சிவப்பு அப்படியில்லை, ஓரளவு உள்ளே புகும். இருட்டில் டார்ச்சை உள்ளங்கைக்குக் கீழே பிடித்தால் விரல்கள் சிவப்பாக ஒளிர்வது இதனால்தான். இன்றைக்குச் சிவப்பு பேனல் விற்பவர்கள் சொல்லும் முதல் காரணமும் இதுவே.

தோற்ற சிவப்பு, ஜெயித்த நீலம்

பின்சென் 1893ல் சிவப்பு ஒளியைப் பற்றித்தான் முதலில் எழுதினார், அதுவும் பெரியம்மைக்கு. ஆனால் அவர் சொன்னது இன்றைய பேனல்காரர்கள் சொல்வதற்கு நேர் எதிர். சிவப்பு ஒளி தோலுக்கு எதுவும் செய்யாது, அதனால்தான் அது நல்லது என்றார். அம்மைக் கொப்புளத்தை நீலமும் புற ஊதாவும் கெடுக்கின்றன. போட்டோ கழுவும் இருட்டறை போல ஜன்னலுக்குச் சிவப்புத் திரை போட்டு நோயாளியைப் படுக்க வைத்தால் தழும்பு குறையும் என்பது அவர் கணக்கு. பெரியம்மைக்காரர்களைச் சிவப்புத் துணியால் மூடும் வழக்கம் ஐரோப்பாவில் அதற்கு ஐநூறு வருடம் முன்பே உண்டு. இங்கிலாந்து வைத்தியர் ஜான் ஆப் கேடிஸ்டன் 14ஆம் நூற்றாண்டில் அரசகுமாரன் ஒருவனுக்கு இப்படிச் செய்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 1904ல் இங்கிலாந்து டாக்டர்கள் சோதித்துப் பார்த்தபோது சிவப்பு அறையால் பலன் தெரியவில்லை. மெல்ல அந்த முறை மறைந்தது.

அவருக்குப் புகழ் தந்தது ஸ்பெக்ட்ரத்தின் மறுமுனை. தோலில் வரும் காசநோய் அந்தக் காலத்தில் முகத்தை, குறிப்பாக மூக்கையும் கன்னத்தையும், மெல்ல அரித்துவிடும். ஓநாய் கடித்தது போல இருப்பதால் லத்தீனில் ஓநாயின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் வெளியே தலை காட்ட முடியாது. 1895ல் பின்சென் கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியை லென்ஸால் குவித்து முதல் நோயாளிக்குப் பாய்ச்சினார். சூட்டைத் தணிக்க நடுவே தண்ணீர். ரத்தத்தை ஒதுக்க, தோலை அழுத்தும் படிகக் கண்ணாடி (காது மடல் சோதனை இங்கே உதவியது). ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ், தினமும் மணிக்கணக்கில், மாதக்கணக்கில். 1896ல் இதற்கென்றே கோபன்ஹேகனில் ஒரு நிலையம் தொடங்கியது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு முகம் திரும்பக் கிடைத்தது. 1903ல் நோபல் பரிசு. மறு வருடமே, 43 வயதில், பின்சென் இறந்துபோனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புற ஊதாக் கதிர்தான் கிருமியைக் கொல்கிறது என்று நூறு வருடம் நம்பியிருந்தார்கள். 2005ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் பின்சென் பயன்படுத்திய லென்ஸ்களையும் வடிகட்டிகளையும் எடுத்து அளந்தார்கள். 340 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கதிர்கள் அவற்றைத் தாண்டவே இல்லை! கிருமிக்குள் இருக்கும் போர்பிரின் என்ற பொருள் மற்ற ஒளியை வாங்கி, கிருமியை அழிக்கும் ஒருவகை ஆக்சிஜனை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். வைத்தியம் சரி, சொன்ன காரணம் சரியில்லை. அளக்காதவரை இது தெரியவில்லை.

அளவு இல்லாத நிறம்

பின்சென் மாதிரி உழைக்காமல் அவர் மாதிரி பெயர் எடுக்க நிறைய பேர் கிளம்பினார்கள். அதில் ஒருவர் நம் நாட்டுக்காரர். பம்பாயில் 1873ல் பிறந்த பார்சிக்காரர் தின்ஷா கதியாலி. அமெரிக்காவில் குடியேறி 1920ல் 'ஸ்பெக்ட்ரோ குரோம்' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு பல்பு, முன்னால் மாற்றி மாற்றிப் போட வண்ணக் கண்ணாடிகள். எந்த வியாதிக்கு எந்த நிறம் என்று ஒரு பட்டியல். ஆயிரக்கணக்கில் விற்றது. இன்சுலினை நிறுத்திவிட்டு இதை நம்பிய நீரிழிவு நோயாளிகளும் இருந்தார்கள். 1947ல் நியூ ஜெர்சி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

பின்சென் வைத்திருந்ததும் விளக்கு, கதியாலி வைத்திருந்ததும் விளக்கு. எந்த ஒளி, எவ்வளவு, எத்தனை நேரம், எந்த நோய்க்கு, குணமானவர் எத்தனை பேர் என்று பின்சென் கணக்கு வைத்தார். கதியாலியிடம் நிறம் மட்டும் இருந்தது.

எலியின் முதுகும் விண்வெளி உருளைக்கிழங்கும்

சிவப்பு ஒளிக்கு மறுபடி நல்ல காலம் பிறந்தது லேசர் வந்த பிறகு. 1960ல் மைமன் செய்த முதல் லேசரே 694 நானோமீட்டர் சிவப்பு ஒளி தரும் ரூபி லேசர்தான். 1967 வாக்கில் புடாபெஸ்ட் டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், முதுகு மழித்த எலிகள் மேல் பலவீனமான ரூபி லேசரைக் காட்டினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. பிறகு ஆறாத புண்கள் மேலும் முயன்று பார்த்தார். சுடாத, வெட்டாத, சக்தி குறைந்த ஒளி திசுவைத் தூண்டுகிறது என்ற எண்ணம் இங்கேதான் வேர் விட்டது.

லேசர் விலை அதிகம். மலிவான சிவப்பை அதற்கு முன்பே, 1962ல், ஜெனரல் எலக்ட்ரிக்கில் நிக் ஹோலன்யாக் செய்து வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. அது. எழுபதுகளில் கால்குலேட்டரில் எண் காட்டுவதற்குத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. 1995ல் கொலம்பியா விண்கலத்தில் உருளைக்கிழங்குச் செடி வளர்க்க நாசா எல்.இ.டி. விளக்கு அனுப்பியது. அந்த விளக்கைச் செய்த விஸ்கான்சின் நிறுவனத்தோடு சேர்ந்து டாக்டர் ஹாரி வீலன் அதே தொழில்நுட்பத்தைப் புண்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் குழந்தைகளுக்கு வரும் வாய்ப்புண்ணுக்கும் சோதித்தார். செடி விளக்கு மருந்து விளக்கானது இப்படித்தான்.

இன்று மிக உறுதியாக நிற்கும் பயன் அந்த வாய்ப்புண்தான். சில வகைப் புற்றுநோய் சிகிச்சைகளில் அதைத் தடுக்க, சர்வதேச வழிகாட்டு நெறிகளே இந்த ஒளியைப் பரிந்துரைக்கின்றன. முகச் சுருக்கத்துக்கு ஆதாரம் உண்டு, ஆனால் மெலிந்தது. 2014ல் ஜெர்மனியில் 136 பேரை வைத்து நடந்த ஆய்வில் தோலின் சொரசொரப்பு குறைந்து கொலாஜன் கூடியது. ஆனால் ஒப்பிட வைத்திருந்த குழுவுக்குப் பொய் விளக்கு எதுவும் காட்டவில்லை. விளக்கு முன் உட்கார்ந்தோம் என்ற நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

நம் பேனலுக்கு வருவோம்

இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். நிறம் மருந்தாகாது, அளவுதான் மருந்தாக்குகிறது. இந்த ஒளிக்கு அளவு, ஒரு சதுர செ.மீ. தோலில் எத்தனை ஜூல் என்பது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண 5 மி.மீ. சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர், அதாவது 40 மில்லிவாட் மின்சாரம் எடுக்கும். அதில் கால் பங்கு ஒளியாக வந்தால் 10 மில்லிவாட். 10 செ.மீ. சதுரத்தில் 100 எல்.இ.டி. வைத்தால், தோலை ஒட்டிப் பிடிக்கும்போது ஒரு சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட். 600 வினாடிக்கு 6 ஜூல். இது ஆய்வுகளில் வரும் அளவுதான். ஆனால் அதே பேனலை ஒரு மீட்டர் தள்ளி மேஜையில் வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டால், முகத்தில் விழுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அறை என்னவோ சிவப்பாகத்தான் இருக்கும்!

வேறு சிக்கல்களும் உண்டு. கடையில் கிடைக்கும் சாதா சிவப்பு பெரும்பாலும் 620-630 நானோமீட்டர், ஆய்வுகளில் அதிகம் வருவது 633, 660. சூரிய ஒளிக்கென்று செய்த மலிவு மீட்டரால் அளந்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 850 நானோமீட்டர் எல்.இ.டி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் கண் தானாகக் கூசி மூடிக்கொள்ளாது. கண்ணை மறைத்தே ஆக வேண்டும். ஒளிக்குத் தோல் கூசும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் உட்காரக் கூடாது.

நம்மைப் போன்ற மாநிறத் தோல்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 2020ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் வெள்ளைத் தோல்காரர்களுக்கு 480 ஜூல் வரை பாதுகாப்பாக இருந்த சிவப்பு ஒளி, கறுப்பு, மாநிறத் தோல்காரர்களுக்கு 320 ஜூல் வரைதான் பாதுகாப்பு என்று தெரிந்தது. வீட்டு பேனல் ஒரு தடவையில் அவ்வளவு தராது என்பது நிஜம். ஆனாலும் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய நேரக் கணக்கை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது போதும்.

பேனல் செய்வதில் தப்பே இல்லை, ஓர் எலக்ட்ரானிக்ஸ் மாணவனுக்கு நல்ல பயிற்சி. செய்பவர்கள் கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். தூரம், நேரம், தேதி மூன்றையும் எழுதுங்கள். முகத்தில் பாதியை மறைத்து மறுபாதிக்கு மட்டும் மூன்று மாதம் காட்டி, ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். பின்சென் கையில் தீட்டிய மைப்பட்டையும் இதே வேலையைத்தான் செய்தது, அதற்கு அவருக்கு ஆன செலவு கொஞ்சம் மை மட்டும்.