தொழிலுக்கு ஓர் எண்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியாற்றியவன் நான். அக்காலத்தில் நான் நடத்திய பாடங்கள் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ அறியேன். நிரப்பிக் கொடுத்த படிவங்கள் பலருக்கும் நினைவிருக்கும். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வந்து படித்த பிள்ளைகள், தேர்வு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்காக என்னிடம் தாள்களை நீட்டுவார்கள். பெயர், ஊர், பிறந்த நாள் எல்லாம் எளிதில் முடியும். ‘தொழில் அனுபவம்’ என்ற கட்டத்தில்தான் பேனா சற்றே நிற்கும். அந்தச் சிறு கட்டத்தின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

பணிகளைப் பெயரிட்டு வரிசைப்படுத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் பொறிக்கச் செய்த கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை ஒருவர் விடாமல் குறிக்கிறது. எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்ற விவரம் கூட அதில் உண்டு. அவர்களையடுத்து நட்டுவம் செய்வோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் எனப் பணிகள் தொடர்கின்றன. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்துபட்டால் அவருடைய உறவினருள் தகுதியுடையார் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம் என்ற விதியும் கல்லில் இருக்கிறது. பணியின் பெயர் எதுவோ அதற்கேற்ற பங்கு. பெயர் மாறினால் பங்கும் மாறும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்த உண்மை தெரிந்திருந்தது.

நம் காலத்து ஏற்பாடு போரின் விளைவு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், படையிலிருந்து விடுவிக்கப்படும் வீரர்களுக்கு வாழ்வு தேடித் தருவதற்கென 1945 ஜூலையில் இந்திய அரசு ஒரு தனித் துறையை அமைத்தது. 1948 முதல் வேலை தேடும் யாவருக்கும் அதன் கதவு திறக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. காலியிடங்களை அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும் என்று 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பதுதான் கடமை; அலுவலகம் அனுப்பும் ஆளையே அமர்த்த வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. நம்மில் பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டிருந்தோம்.

இனி எண்ணுக்கு வருவோம். பதிவு செய்தவர் ஒவ்வொருவருக்கும் எக்ஸ்-1 என்ற அட்டை ஒன்று எழுதப்படும். அவ்வட்டைகள் பெயர் வரிசையில் அடுக்கப்படுவதில்லை. தொழில் எண் வரிசையில்தான் அடுக்கப்பட்டன. ஒரே எண்ணுக்குள் பதிவு மூப்பு பார்க்கப்படும். ஆகவே தவறான எண்ணில் சென்ற அட்டை, பெட்டியில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். இந்த எண்களை வகுத்த நூலே தேசியத் தொழில் வகைப்பாடு. 1958, 1968, 2004, 2015 என நான்கு முறை வெளிவந்திருக்கிறது. 1968-இல் ஐந்து இலக்கமாக இருந்த எண், 2004-இல் ஆறாகி, 2015-இல் எட்டாக நீண்டது. முதல் நான்கு இலக்கங்கள் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனத்தின் வகைப்பாட்டை ஒட்டியவை. அவற்றுள்ளும் முதல் இலக்கமே ஆளின் தரத்தைச் சொல்லிவிடும். 2 என்றால் உயர்கல்வி வேண்டும் தொழில். 7 என்றால் கைவினை. 9 என்றால் உடலுழைப்பு.

இங்கே என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் படித்த இளைஞன் ஒருவன், தன் மாமனிடம் ஆறாண்டுகள் கருங்கற் சிற்பம் பயின்றவன். அவனுக்குப் படிவம் நிரப்பியது நான். ‘கல் வேலை’ என்று இரண்டே சொற்கள் எழுதினேன். தமிழாசிரியனுக்குச் சுருக்கம் அழகு என்று தோன்றியிருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து, வெளியூர் நிறுவனம் ஒன்று சிற்பம் கற்பிக்க ஆள் கேட்டிருந்த செய்தி, நாள் கடந்த பின்னரே அவனுக்குத் தெரியவந்தது. அவன் அட்டையைத் தேடிப் பார்த்தோம். கற்சுரங்கத்தில் கல் உடைப்போர் வரிசையில் இருந்தது. எழுத்தர் மீது குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் எழுதியதை அவர் படித்தார், அவ்வளவே. இன்றைய வகைப்பாட்டின்படி, கலைஞராகிய சிற்பிக்கு 2651, கல் செதுக்கும் கைவினைஞருக்கு 7113, சுரங்கத் தொழிலாளிக்கு 9311. நான் எழுதிய இரண்டு சொற்கள் மூன்றுக்கும் பொருந்தும்.

நம் மொழியின் பேச்சு வழக்கும் இதற்கு உடந்தை. மரம் அறுப்பவரும் இரும்பு அடிப்பவரும் பொன் உருக்குபவரும் நமக்கு ஆசாரிதான். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர் என மாஸ்டர்கள் எத்தனை வகை! ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்ற நானும் அந்த வரிசையில் ஓர் ஓரத்தில் நிற்கிறேன்.

எழுத்தர் செய்த இவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியுமா? 1890-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில் ஹெர்மன் ஹாலரித் என்பார் துளையிட்ட அட்டைகளை எண்ணும் பொறியைப் பயன்படுத்தினார். ஆனால் அப்பொறி எண்ணிற்றேயன்றிப் பெயர் சூட்டவில்லை. இன்ன தொழிலுக்கு இன்ன குறி என்று தீர்மானித்தவர்கள் மனிதரே. பெயர் சூட்டும் பணி கணினியிடம் பெரிய அளவில் சென்றது, சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 1990-ஆம் ஆண்டுக் கணக்கில்தான். அப்போதும் தொழில் பற்றிய விடைகளில் பாதியைக் கூட அது தானாகத் தீர்க்கவில்லை. எஞ்சியவை மீண்டும் எழுத்தரிடமே வந்தன. எண்ணுவது எளிது, இன்னதென்று அறிவது அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதன் செய்முறையைச் சற்று விளக்குகிறேன். முதலில் கணினிக்குத் தொழிற்பெயர் அகராதி ஒன்றைக் கொடுத்தார்கள். எழுதிய சொல் அதில் இருந்தால் எண் கிடைக்கும். பிறகு, மனிதர் முன்னரே எண்ணிட்ட இலட்சக்கணக்கான விடைகளைக் கொடுத்து, எந்தச் சொல் எந்த எண்ணோடு மிகுதியாக வருகிறது என்று அதுவே கற்குமாறு செய்தார்கள். இன்று சொல் வேறுபட்டாலும் பொருளின் நெருக்கத்தைக் கொண்டு கணிக்கும் கருவிகள் உள்ளன. இங்கிலாந்தில் வாரிக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘காஸ்காட்’ என்ற கருவியில் எனக்குப் பிடித்த இயல்பொன்று உண்டு. தான் தரும் எண்ணில் தனக்கு எவ்வளவு உறுதி என்பதையும் நூற்றுக்கு இத்தனை என்று அது சேர்த்தே சொல்லும். மதிப்பெண் குறைந்த விடையை மனிதர் எடுத்துப் பார்க்கலாம். தேர்வெழுதும் மாணவர்களிடமே நான் காணாத நேர்மை இது! எனினும், பழைய எழுத்தர்களின் விடைகளைப் படித்தே தேறும் கருவி, அவர்களுடைய தவறுகளையும் பாடமாகவே படிக்கும். ஆங்கில விடைகளில் தேறிய ஒன்று, நம் ஊர்ப் ‘பூக்கட்டு’க்கும் ‘பந்தல் வேலை’க்கும் எந்த எண்ணைத் தரும் என்பதும் கேள்வியே.

நம் நாட்டில் மைய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்தே இணையவழிப் பதிவு நடைபெறுகிறது. எக்ஸ்-1 அட்டைப் பெட்டிகளை இன்றைய பிள்ளைகள் கண்டிருக்கமாட்டார்கள். கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த இளைஞன் இப்போது நடுவயதினன். சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு தன் மகளின் பதிவு பற்றிக் கேட்க வந்தான். தந்தையின் தொழிலைக் கேட்கும் படிவமும் ஒன்று அவன் கையில் இருந்தது. “இம்முறை நீயே எழுதப்பா, முழு வாக்கியமாக எழுது” என்றேன். “சரிங்க ஐயா” என்று சிரித்துக்கொண்டே வாங்கி, ‘கருங்கல்லில் தெய்வத் திருமேனிகள் செதுக்குகிறேன், அதற்கு வேண்டிய உளிகளையும் நானே உலையில் அடித்துக்கொள்கிறேன்’ என்று எழுதினான். உளி அடிப்பதற்குக் கொல்லர் எண் 7221 என்று தனியே ஒன்று உண்டு. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.