கச்சான் காற்றில் விளைந்த உருக்கு

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் எமது வீடுகளில் கத்திப் பேச்சு தொடங்கிவிடும். போன வருடம் நாங்களும் 'ஜேர்மன் உருக்கு' என்று நம்பி, பளபளவென்ற ஒரு கத்தியை வாங்கினோம். ஒரு மாதத்துக்குள் அது தக்காளியை வெட்டாமல் நசுக்கியது. வாப்பா காலத்துக் கம்மாலைக் கத்தியோ கறுத்துப்போயும் இன்றுவரை இறைச்சியை ஒரே இழுப்பில் வகுந்து தருகிறது.

உருக்குக்காக வெளிநாட்டைப் பார்க்கும் நாம், இந்தத் தீவின் உருக்கை அரபுலகம் பேசிய காலத்தை மறந்துவிட்டோம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, கலீஃபா முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் உருக்கு வகைகளைப் பிரிக்கும்போது 'ஸரன்தீபி' என்று ஒன்றைத் தனியாகச் சொல்கிறார். ஸரன்தீப் என்பது எமது இலங்கைதான்.

அக்காலத்து உலைகள் பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ மலைகளில் கிடைத்தன. அங்கே நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, தண்ணீருக்குள் போகவிருந்த இடங்களை ஆராய்ந்தவர்களில் ஒருவர் கில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர். 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான அந்த உலைகள் மேற்கு நோக்கிய சரிவுகளில் இருந்தன. துருத்தி கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று உலையின் முன்சுவருக்கு மேலால் பாயும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அடியிலுள்ள மண்குழாய்களால் காற்று தானாக இழுபடும். வெறும் காற்றை நம்பி நல்ல உருக்கு எடுக்க முடியாது என்பதே அதுவரை பலரின் எண்ணம். அவர் 1994இல் அதே மாதிரி உலை கட்டி, காற்றை மட்டும் வைத்து உருக்கிக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அது வெளிவந்தது.

அந்தப் பருவத்துக் காற்றைத்தான் கிழக்கில் நாம் கச்சான் என்கிறோம். (கொறிக்கிற கச்சான் இல்லை!) எமக்குப் புழுதியும் வெக்கையும் தருகிற காற்று, மலைக்கு அந்தப் பக்கம் உருக்குத் தந்திருக்கிறது.

பின்னர் மலிவான ஐரோப்பிய இரும்பு வந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் தன் நூலில் உருக்குத் தொழிலைப் பதிந்தபோது, அது அணையும் நிலையில் இருந்தது.

இன்று கம்மாலைகளில் பழைய லொறி ஸ்பிரிங் தகட்டைத்தான் காய்ச்சி அடிக்கிறார்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அதில் கார்பன் 0.6 வீதம் அளவில் உண்டு, கூர் நிற்கும். வாங்கும்போது கத்தியின் முதுகைப் பாருங்கள். பிடிப்பக்கம் தடித்து நுனிக்குப் போகப்போக மெலிந்திருந்தால் பெரும்பாலும் அடித்துச் செய்தது. ஒரே கனத்தில் இருந்தால் தகட்டில் வெட்டியது. வால் பிடிக்குள் முழுதாகப் போயிருக்க வேண்டும். துருப்பிடிக்கும், உண்மைதான். கழுவியதும் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

பெருநாளுக்கு முந்திய கிழமை கம்மாலையில் நிற்க இடமிருக்காது. இப்போதே போய்ச் சொன்னால், உங்கள் கைக்கு ஏற்ற அளவில் அடித்துத் தருவார்கள்.