கடனாளிகளுக்காகப் பேசிய அந்தோனியார்

சங்கரன்கோவில் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை புளியம்பட்டி அந்தோனியார் கோவிலுக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. சங்கரநாராயணர் கோவிலில் புற்றுமண் பூசிக்கொள்கிறவர்களும் அதில் இருப்பார்கள். பேய் விரட்டுவார், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவார்... அவரைப் பற்றி இங்கே தெரிந்தது பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் உயிரோடு இருந்தபோது அவருக்குப் பேர் வாங்கித் தந்தது அவருடைய பேச்சு.

1195 வாக்கில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். இயற்பெயர் பெர்னாண்டோ. கோயம்ப்ரா மடத்தில் துறவியாக இருந்தபோது, 1220-இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட 5 பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. அதைப் பார்த்து அந்தச் சபையில் சேர்ந்து, அந்தோனி என்று பெயர் மாற்றிக்கொண்டு, தானும் மொராக்கோவுக்குக் கப்பல் ஏறினார். போன இடத்தில் நோயில் படுத்துவிட்டார். திரும்பும்போது புயல் கப்பலை சிசிலிக்குத் தள்ளியது. இத்தாலிக்குப் போனது இப்படித்தான்!

அங்கே ஒரு மலை மடத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்தார். 1222-இல் போர்லி என்ற ஊரில் குருப்பட்ட விழா. பிரசங்கம் செய்ய யாரும் தயாராக வரவில்லை. கடைசியில் இவரை எழுப்பிவிட்டார்கள். இவர் இவ்வளவு படித்தவர் என்பதே அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. பிறகு தெற்கு பிரான்ஸ், வடக்கு இத்தாலி என்று ஊர் ஊராகப் பிரசங்கம்.

அவர் கடுமையாகக் கண்டித்தவற்றில் ஒன்று வட்டிக்கொடுமை. ஒரு வட்டிக்காரன் செத்தபோது, அவன் இதயம் உடம்பில் இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது என்று இவர் சொன்னதாகவும், திறந்து பார்த்தால் அப்படியே இருந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதையை நம்பலாம், நம்பாமலும் போகலாம். சட்டம் மட்டும் கதையில்லை. அன்றைய பதுவா நகரில் கடனைக் கட்ட முடியாதவர்களைச் சிறையில் போட்டார்கள். 1231 மார்ச்சில், சொத்தையெல்லாம் ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் வைக்கக் கூடாது என்று நகரசபை சட்டம் செய்தது. சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளால் இது செய்யப்பட்டது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயமில்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003-இல். அதற்குப் பிறகும், 2017 அக்டோபரில், கந்துவட்டிப் புகாரோடு நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பம் அங்கேயே தீக்குளித்தது. தாய், தகப்பன், 2 பெண் குழந்தைகள்.

சட்டம் வந்த 3 மாதத்தில், 1231 ஜூன் 13 அன்று அந்தோனியார் இறந்தார். வயது 36 இருக்கும். ஓராண்டு முடிவதற்குள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அடக்கம் செய்தது ஜூன் 17, ஒரு செவ்வாய்க்கிழமை. புளியம்பட்டிக்குச் செவ்வாயில் கூட்டம் போவது அதனால்தான். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாகச் சொல்கிறார்கள். பதுவா பேராலயத்தில் அதை இன்றும் வைத்திருக்கிறார்கள்.