குப்பையும் நிலமும்: செபராங் ஜெயாவைச் சூழ்ந்த ஒரு வரலாறு

தமிழில் ‘குப்பை’ என்னும் சொல்லின் பழைய பொருள் குவியல் என்பதே. நெல்லைக் குவித்தாலும் உப்பைக் குவித்தாலும் மணியைக் குவித்தாலும் அது குப்பையே. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றோர் ஊர் இன்றும் உண்டு. அப்பெயரைக் கேட்டு எவரும் முகஞ்சுளிப்பதில்லை. உழவர் வழக்கிலோ, குப்பை என்பது வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு செல்லும் எருவாகும். வேண்டாதவற்றின் குவியல் என்னும் பொருள் பின்னரே மேலோங்கியது. இச்சொல்லின் வரலாறு ஓர் உண்மையைக் காட்டுகிறது. குவியலில் கிடப்பதனாலேயே ஒரு பொருள் பயனற்றதாகி விடுவதில்லை. எது எதற்குத் தகும் என்று பிரித்தறிவார் இல்லாத இடத்தில்தான் அது கழிவாகிறது.

கட்டடத்திற்கும் நிலத்திருத்தத்திற்கும் கழிவுப் பொருள்களைப் பயன்படுத்துவது இக்காலப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் ஜெயாவையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் கொண்டு இதனை ஆராய்ந்தால், இக்கலை பழையது என்பதும், அதில் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு என்பதும், அதன் உயிர்நாடியான ‘தேர்வு’ இடைக்காலத்தில் நழுவிப்போனதும் விளங்கும்.

எதிர்க்கரையின் மண்

மலாய் மொழியில் ‘செபராங்’ என்பது எதிர்க்கரை; ‘ஜெயா’ என்பது வெற்றியைக் குறிக்கும் வடசொல். பினாங்குத் தீவில் நிற்பவர்க்குக் கடலின் எதிர்க்கரையாகத் தோன்றும் நிலப்பரப்பே செபராங் பிறை. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1800இல் கெடா சுல்தானிடமிருந்து எதிர்க்கரையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு வெல்லஸ்லி மாகாணம் என்று பெயரிட்டனர். 1969இல் நிறுவப்பெற்ற பினாங்கு மேம்பாட்டுக் கழகம், 1970களில் இக்கரையில் அமைத்த புதுநகரமே செபராங் ஜெயா. கருமாரியம்மன் கோயிலின் உயர்ந்த இராசகோபுரத்தால் அவ்வூர் இன்று மலேசியத் தமிழரிடையே நன்கு அறியப்பட்டுள்ளது.

இக்கரையின் மேற்குப்பகுதி கடல் படிவித்த சமவெளி. இங்கே பரவலாகக் காணப்படுவது மென்களிமண். நீர் நிரம்பிய இம்மண், மேலே சுமை ஏறினால் மெல்ல மெல்ல அமுங்கும். அமுங்குவதும் எங்கும் ஒரே அளவாக இராது. ஆதலின் அக்காலத்துக் கொத்தர்கள் அலையாத்திக் காட்டுப் பாக்காவ் கழிகளைச் சேற்றில் அடித்து, அவற்றின்மேல் அடித்தளம் இட்டனர். நீர்மட்டத்திற்குக் கீழே காற்றுப் படாமல் இருக்கும்வரை அக்கழிகள் நெடுங்காலம் கெடா. இக்காலத்தில் மண்ணையோ மணலையோ உயரக் கொட்டிப் பல மாதம் அழுத்தி வைத்து, களிமண்ணிலுள்ள நீரை வடியச் செய்கின்றனர். இதற்கு வேண்டிய மண்ணை மலையில் வெட்டினால் மலை சரியும். மணலை ஆற்றில் அள்ளினால் ஆறு கெடும். இந்நெருக்கடியே, பிற தொழில்களின் கழிவுகளை நோக்கி மனிதர் பார்வையைத் திருப்புகிறது.

கிளிஞ்சலும் செங்கற்பொடியும்

கட்டடக் கலையில் தமிழ்நாட்டுக் கொத்தர் கையாண்ட மூலப்பொருள்களுள் பல, வேறோர் இடத்தில் எறியப்பட்டவையே. உண்டு எறிந்த கிளிஞ்சலும் கடற்கரையில் ஒதுங்கிய சிப்பியும் காளவாயில் வெந்து சுண்ணாம்பாயின. உடைந்த செங்கல்லும் ஓடும் இடிபட்டுச் சுர்க்கி என்னும் செங்கற்பொடியாயின. இப்பொடியிலுள்ள மணற்சத்தும் களிச்சத்தும் சுண்ணாம்போடு கூடி, நீருக்கு அடியிலும் இறுகும் சாந்தைத் தருகின்றன. உரோமானியரும் உடைந்த மட்பாண்டங்களைப் பொடித்து, நீர்த்தொட்டிகளுக்குப் பூச இவ்வகைச் சாந்தையே செய்தனர்.

ஆனால் எல்லாச் செங்கற்பொடியும் இதற்கு உதவாது. அளவுக்கு மீறி வெந்து கருகிய செங்கல்லின் பொடி சுண்ணாம்போடு சேர்வதில்லை. மணலைப்போல வாளா கிடக்கும். கடற்கிளிஞ்சலையும் நன்னீரில் கழுவி உப்பை நீக்காமல் சுட்டால், சுவரில் உப்புப் பூக்கும். தேர்ந்த கொத்தருக்கு இவையெல்லாம் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தன. முல்லைப் பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பெற்றபோது, பென்னிகுயிக் தலைமையில் அதனைக் கட்டி எழுப்பியிருந்தது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த இச்சாந்தே ஆகும்.

இக்கைத்திறன் கடல் கடந்தும் சென்றது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய குடியேற்றங்களுக்கு இந்தியக் கைதிகளைக் கம்பெனி அனுப்பியது. 1873 வரையில் அவர்கள் அங்கே சாலை இட்டனர், செங்கல் அறுத்தனர், கட்டடங்கள் எழுப்பினர். இவர்களின் வாழ்வைக் குறித்து, கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மக்நெயர் 1899இல் ஒரு நூல் வெளியிட்டார். சிங்கப்பூர்ப் புனித ஆண்டிரு தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு அவர்கள் பூசிய ‘மதராஸ் சுண்ணம்’ அந்நூலில் விளக்கப்பட்டுள்ளது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் பழுப்புச் சர்க்கரையும் கூட்டி, தேங்காய் மட்டை ஊறிய நீரால் பிசைந்து பூசி, உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட அத்தேவாலயம் இன்றும் நிற்கிறது. சிப்பியும் தேங்காய் மட்டையும் குப்பைமேட்டுக்கு உரியவையே. அறிந்தவர் கையில் அவை பளிங்கை ஒத்த சுவராயின.

கரும்புச் சக்கையிலிருந்து பால்மரம் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெல்லஸ்லி மாகாணத்தின் தாழ்நிலங்களில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. வரப்பிட்டு, வடிகால் வெட்டி, கடல்நீரைத் தடுத்து அச்சேற்று நிலத்தைப் பயிர்நிலமாக்கிய உழைப்பில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழரின் பங்கு பெரிது. இம்மாகாணத்தில் தோட்டம் நடத்திய லெனார்டு ரே என்பவர் 1848இல் கரும்பு வேளாண்மை குறித்து ஒரு பெருநூல் எழுதினார். பிழிந்த சக்கை கொப்பரைக்கு எரிபொருளாகவும், சாம்பலும் ஆலைக் கழிவும் நிலத்திற்கு எருவாகவும் மீள்வது அக்காலக் கரும்புத் தொழிலின் இயல்பான சுழற்சியாகும். நிலத்திலிருந்து எடுத்ததில் ஒரு பகுதியேனும் நிலத்திற்கே திரும்பியது. தமிழ்நாட்டு உழவர் கோடையில் ஏரி வண்டலை அள்ளி வயலில் இட்டதும் இக்கருத்தை ஒட்டியதே. தூர்ந்த ஏரி ஆழமாகும். மெலிந்த வயல் கொழுக்கும். ஓரிடத்துக் கழிவு ஈரிடத்திற்கு நன்மையாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைய, ரப்பர் வந்தது. பால்மரம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பால் வற்றி முதுமை அடையும். அப்போது அதனை வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்வர். வீழ்ந்த மரம் பூஞ்சையாலும் வண்டாலும் விரைவில் கெடுமாதலால், நெடுங்காலம் அது விறகுக்கே உரியதாக எண்ணப்பட்டது. இந்நிலையில், செபராங் ஜெயாவுக்கு அண்மையிலுள்ள பிறையில், ஜப்பானிய யவாட்டா நிறுவனத்தின் கூட்டுறவோடு மலாயவாட்டா எஃகு ஆலை எழுந்தது. அது 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. நிலக்கரிக்கு மாற்றாக, முதிர்ந்த பால்மரத்தைச் சுட்டுப் பெற்ற மரக்கரியை அதன் ஊதுலை உண்டது.

விடியற்காலையில் தமிழர் பால்வெட்டிய மரங்களே, பால் வற்றிய பின்னர், நாட்டின் கட்டடங்களுக்கு வேண்டிய எஃகுக் கம்பியை உருக்கும் நெருப்பாயின. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தோட்டத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு அத்தோட்டத்து மரத்தின் இவ்விரண்டாம் வாழ்வைப் பற்றி எழுதுவதில்லை. பின்னாளில் மருந்தூட்டிப் பதப்படுத்தும் முறை வந்தபோது, அதே மரம் மேசை நாற்காலிகளாக அயல்நாடுகளுக்கும் சென்றது.

ரப்பருக்குப் பின் செம்பனை பரவியது. எண்ணெய் எடுத்த வெறுங்குலைகளை மரத்தடியில் பரப்பி மண்ணின் ஈரத்தைக் காக்கின்றனர். கொட்டை ஓட்டையும், கொதிகலனில் எஞ்சும் கட்டிச் சாம்பலையும் தோட்டத்து மண்சாலைகளின் குழிகளில் இட்டு நிரப்புகின்றனர். செம்பனை ஓட்டைச் சல்லிக்கு மாற்றாகக் கொண்டு, எடை குறைந்த கான்கிரீட் செய்யும் ஆய்வுகளும் மலேசியாவில் 1980களிலிருந்து நடந்து வருகின்றன. மென்களிமண் நிலத்தில் எடைக்குறைவு என்பது சிறு நன்மையன்று. சுமை குறைந்தால் அமுக்கமும் குறையும்.

தகாத தேர்வு

கழிவைப் பயன்படுத்துவது என்றவுடனே அதனை அறம் என்று கொண்டாடிவிடலாகாது. கழிவு என்று முடிவு கட்டியவர் யார், எதனை அவ்வாறு கருதினார் என்பதும் கேட்கத்தக்க வினாவாகும். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருச்சுற்று மதிற் கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. கட்டியோர் கண்ணுக்கு அவை பாழடைந்த மதிலின் வெறுங்கற்கள். அணையால் வயல்கள் விளைந்தன என்பது உண்மை. இராசேந்திர சோழனின் தலைநகர்க் கோயில் தன் மதிலை இழந்ததும் உண்மையே. சில ஆண்டுகள் கழித்துப் பஞ்சாபில் இருப்புப்பாதை அமைத்தோர், ஹரப்பாவின் பழஞ்செங்கற்களைத் தண்டவாளத்தின் கீழ்ச் சல்லியாகக் கொட்டினர். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளத்திற்கு அச்செங்கற்கள் போதுமாயிருந்தன என்று கன்னிங்காம் குறித்துள்ளார். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய நகரொன்றின் சான்றுகள் இவ்வாறு பாதைக்கு அடியில் மறைந்தன.

இவற்றோடு ஒப்பிடத்தக்கது இரண்டாம் உலகப் போருக்குப் பின் செருமனியில் நடந்தது. குண்டுவீச்சில் இடிந்த நகரங்களில், பெண்கள் உட்படப் பலர் செங்கற்களை ஒவ்வொன்றாகச் சுரண்டித் தூய்மை செய்து மீண்டும் அடுக்கினர்; உடைந்தவற்றைப் பொடித்துக் கான்கிரீட்டுக்குச் சல்லியாக்கினர். அங்கே தேர்வு இருந்தது. ஆதலின் இடிபாடு வீடாயிற்று.

நிரப்பிய நிலம்

பினாங்கில் நிலத்தை உண்டாக்கும் பழக்கம் புதிதன்று. ஜார்ஜ்டவுனின் கடற்கரைத் தெரு, பெயருக்கேற்ப முற்காலத்தில் கடலை ஒட்டியே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து, ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயரால் வெல்டு கீ என்னும் துறைமுகச் சாலையை அமைத்தனர். தூர்த்த நிலத்தில் வணிக மாளிகைகள் எழுந்தன. அவற்றுட் பல இன்றும் உள்ளன.

இதே தீவின் கிழக்குக் கரையில், ஜெலுத்தோங்கில், நகரத்தின் குப்பையும் பல பத்தாண்டுகளாகக் கடலோரத்தில் கொட்டப்பட்டது. அங்கும் கரை உயர்ந்தது. ஆனால் உண்டானது மேடேயன்றி நிலமன்று. வீட்டுக் கழிவும் மரமும் நெகிழியும் இடிபாடும் ஒன்றாகக் கலந்த குவியலில், மட்கும் பகுதி மட்கி மீத்தேன் வளியை எழுப்பும்; மழைநீர் ஊறிக் கருநீராகக் கசியும்; மேற்பரப்பு ஒருபுறம் தாழ்ந்து ஒருபுறம் நிற்கும். 2020 ஆகஸ்டில் அம்மேட்டில் தீப்பற்றி, புகை நகரைச் சூழ்ந்தது.

எதிர்க்கரையின் தென்பகுதியில், நிபோங் திபால் அருகே புலாவ் பூரோங் என்னும் இடத்தில் குப்பைநிலம் உள்ளது. ‘பறவைத் தீவு’ என்பது அப்பெயரின் பொருள். ஜப்பானின் புகுவோகாவில் உருவான அரைக்காற்றோட்ட முறை அங்கே 1991இல் கைக்கொள்ளப்பட்டது. குழாய்களின் வழியே காற்றைப் புகவிட்டு, மட்குதலை விரைவாக்குவது அம்முறை. 2001இல், கசிவுநீரைத் திரட்டி மீண்டும் குவியலுக்குள் செலுத்தும் அளவுக்கு அது உயர்த்தப்பட்டது. அங்கும் 2022 சனவரியில் தீ மூண்டு பல நாள் எரிந்தது. புகையால் சுற்று வட்டார மக்கள் துன்புற்றனர். முறை எவ்வளவு சிறந்ததாயினும், பிரிக்காமல் வந்து சேரும் குவியலை அது முழுவதும் திருத்திவிட இயலாது என்பதே இதனால் பெறப்படும்.

தூர்த்துச் செய்த கரை நூறாண்டுக்கு மேலாகக் கட்டடங்களைத் தாங்குகிறது. கொட்டிச் செய்த கரை புகைகிறது. ஒரே தீவின் ஒரே கரையில் காணப்படும் இவ்வேறுபாடு, பொருளைத் தெரிந்து இடுவதற்கும் தெரியாமல் எறிவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

தகுதி அறிதல்

இன்று இடித்த கான்கிரீட்டை நொறுக்கிச் சாலையின் அடித்தளத்தில் இடுகின்றனர். அது தக்க பயன். ஆனால் அதனோடு கூரைப் பலகையாயிருந்த ஜிப்சம் கலந்து, நீர் தேங்கிய குவியலில் அழுந்திக் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வளி எழும். பழைய கூரைகளின் கல்நார்த் தகடு உடைபட்டுக் கலந்தால், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் நெகிழிக் கழிவைச் சூடான சல்லியின்மேல் பூசித் தார்ச்சாலை இடும் முறையைக் கண்டார். அதற்காக 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அம்முறையிலும் பி.வி.சி. என்னும் நெகிழிக்கு இடமில்லை. சுட்டால் அது தீய வளியை வெளியிடும். சுர்க்கிக்குக் கருகிய செங்கல்லை விலக்கிய கொத்தரின் அறிவும், சாலைக்குப் பி.வி.சி.யை விலக்கும் அறிவியலாரின் அறிவும் ஒரே வழிப்பட்டவை.

பினாங்கு மாநிலம் 2016 சூனில், கழிவைத் தோன்றும் இடத்திலேயே பிரிக்கும் திட்டத்தைத் தொடங்கி, 2017 சூன் முதல் அதனைக் கட்டாயமாக்கியது. சட்டத்தின் சொல் புதிது, கருத்து பழையது. எருக்குழிக்கு ஒன்றும் காளவாய்க்கு ஒன்றும் அடுப்புக்கு ஒன்றும் என்று முற்றத்திலேயே பிரித்த வாழ்க்கையை அது நினைவூட்டுகிறது. மாணவர்க்கு ‘குப்பை’ என்னும் சொல்லின் பழம்பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வரலாற்றையும் உடன் கற்பித்தல் தகும். அடுக்களையில் இரண்டு கூடைகளாகத் தொடங்கும் பிரிப்பே, பின்னொரு நாள் ஒரு கரை நிலமாகுமா மேடாகுமா என்பதை முடிவு செய்கிறது.